முட்டைக்கோஸ் பூரணம்

அலுவலகத்தில் யாரோ மைக்ரோவேவ் கதவைத் திறந்தார்கள். வெண்ணெயில் கருக வறுபட்ட வெங்காயத்தின் வாசம் என் முகத்தில் வந்து அறைந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர், கண்ணாடி டப்பாவில் தன் மதியச் சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். உள்ளே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. குழாயடியில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பாட்டில் நிரம்பி வழிந்து செருப்புக்குள் ஈரம் இறங்கிய பிறகுதான் கையை எடுத்தேன்.

"ஆர் யூ ஓகே?" என்றார் அவர்.

"வெங்காயம்," என்றேன்.

வெங்காயத்தால் கண் கலங்குவது எல்லா நாட்டிலும் செல்லுபடியாகும் காரணம். தலையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் பனிக்காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் எங்கள் ஊர் நூலகத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். நூலகம் காத்திருக்கும். வாசம் காத்திருக்காது.

அது என்னை நேராகக் கொண்டுபோய் நிறுத்திய இடம் என் சமையலறைதான். வெயில் தணியத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

மூன்று நாள்

மகள் காந்திமதி, எங்களுக்கு மதி, படிப்பை முடித்து கலிபோர்னியாவில், சான்டா கிளாராவில் முதல் வேலை வாங்கியிருந்தாள். ஞாயிறு காலை விமானம். நியூ ஜெர்சி வீட்டுக்கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாயைத் திறந்து கிடந்தன. அவள் அப்பா டெக்ஸஸில், சுகர் லேண்டில் ஒரு எண்ணெய் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை வருவார். ஞாயிற்றுக்குப் பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான்.

தாய் என்ற ஹோதாவில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். வத்தக்குழம்பு, சொதி, உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். போகிற பிள்ளை நாக்கில் திருநெல்வேலியைத் தடவி அனுப்பிவிட வேண்டும்.

"என்ன வேணும், சொல்லு. எது கேட்டாலும் பண்ணித் தாரேன்."

அவள் பெட்டிக்குள் ஸ்வெட்டரைத் திணித்துக்கொண்டே சொன்னாள்: "பியரோகி."

"என்னது?"

"பியரோகிம்மா. ஹலினா ஆன்ட்டி பண்ணுவாங்கல்ல. முட்டைக்கோஸ் வச்சது. கடையில ஃப்ரோஸன் கிடைக்கும், அது வேஸ்ட். அவங்க பண்ற மாதிரி. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. என் மகள் ஐந்து வயது வரை தினமும் பார்த்த, பாதி நாள் தின்ற அந்தப் பண்டத்தை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

"பண்ணலாம்," என்றேன்.

காலை ஆறு நாற்பது

எங்கள் ஊரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் போலந்துக்காரர்கள். நாங்கள் என்றால் தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், எல்லாரும். அவர்களுக்கு ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு மளிகைக் கடை. எங்களுக்கு எங்கள் மளிகைக் கடை. நடுவில் ரயில் இரு தரப்பையும் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகும்.

ஹலினா அந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தார். அப்போது ஐம்பதைத் தொட்டிருப்பார். தன் வீட்டிலேயே இரண்டு மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். மதி பத்து மாதக் குழந்தையாக அங்கே போனாள். காலை ஆறு நாற்பதுக்கு விடுவேன். சாயங்காலம் ஆறுக்கு எடுப்பேன். என் பெண் விழித்திருந்த நேரத்தில் பெரும்பங்கு அவருடையது.

முதல் நாளே சொல்லிவிட்டேன். மாமிசம் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது. ஹலினா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். மடக்கிய மூன்று விரலையும் நெஞ்சோடு வைத்து, "என் பொறுப்பு," என்றார்.

பியரோகி என்பதை நம் வாசகர்களுக்கு எப்படிச் சொல்ல? உருவத்தில் சோமாசி, உள்ளத்தில் கொழுக்கட்டை. கோதுமை மாவு வட்டத்துக்குள் பூரணம் வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, கொதிக்கிற தண்ணீரில் வேகவிட்டு, வெண்ணெயும் வறுத்த வெங்காயமும் மேலே போட்டுத் தருவார்கள். பூரணம் இனிப்பு இல்லை. உப்பில் புளிக்க வைத்த முட்டைக்கோஸும் உலர்ந்த காளானும்.

சாயங்காலம் கதவைத் திறக்கும்போது ஹலினா கையில் ஒரு தட்டு இருக்கும். "களைத்து வந்திருக்கிறாய். ஒன்று சாப்பிடு."

நான் சாப்பிட மாட்டேன். அவர் பாத்திரத்தில் முன்பு எது வெந்ததோ என்ற அருவருப்பு. அதை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? இன்றைக்கு விரதம் என்பேன். வெள்ளிக்கிழமை விரதம் உண்மை. சஷ்டி பாதி உண்மை. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் அந்த வாசலில் நின்று நானே கண்டுபிடித்தவை.

நாலாவது வருடம் ஹலினா தட்டைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உன் கடவுள்கள் எல்லாரும் எப்போதும் உன்னைப் பட்டினி போடுகிறார்கள். என்னுடையவர் வருஷத்துக்குக் கொஞ்ச நாள்தான் கேட்கிறார். மாற்றிக்கொள்கிறாயா?"

இருவரும் சிரித்தோம். நான் சாப்பிடவில்லை.

டிஷ்யூ காகிதத்தில்

மதிக்கு ஐந்து வயதானபோது ஒருநாள், துவைக்கப் போடும் முன் அவள் கவுன் பாக்கெட்டுக்குள் கைவிட்டேன். கிரேயான் துண்டு, ஒரு பித்தான். கூடவே சின்னச் சின்னதாய் நாலைந்து துணுக்குகள். கரும்பழுப்பு, சுருண்டு, மொறுமொறுவென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு.

மோந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த எந்த வாசத்திலும் அது சேரவில்லை. மாமிசத்தின் வாசம் எனக்குத் தெரியாது. ஆகவே, தெரியாத வாசமெல்லாம் மாமிசமாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் அதை டிஷ்யூ காகிதத்தில் பொதிந்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். சிரிக்காதீர்கள். மாமிசமா என்று சொல்ல மாமிசம் தெரிந்த ஒருவர் வேண்டுமல்லவா? பக்கத்து மேசைக்காரரிடம் பிரித்துக் காட்டினேன். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணைத் திருப்பி ஒரு நொடி பார்த்தார். "பேக்கன் மாதிரி இருக்கே," என்றார். மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டார். பேக்கன் என்றால் பன்றி.

அன்று சாயங்காலம் மதியைக் கூட்டிக்கொண்டு வந்தவள், அடுத்த நாள் அனுப்பவில்லை.

"ஏட்டி, அந்தம்மாட்ட நேர்ல கேட்டுரு. அவ்வளவுதான விஷயம்," என்றார் கணவர்.

நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து எழுதும்போது காரணத்தை மறைப்பதில் அர்த்தமில்லை. அதற்கு முந்தின மாதம் மதிக்குக் கடும் காய்ச்சல். என் மடியில் கிடந்துகொண்டு அவள் கூப்பிட்டது ஹலினாவை. அந்தத் துணுக்குகள் என் கையில் கிடைத்தபோது, திகிலுக்கு அடியில் எங்கோ ஒரு ஓரத்தில், எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட்டால் நிம்மதி போய்விடுமோ என்று பயந்தேன்.

"ஹலினா ஆன்ட்டி அவங்க ஊருக்குப் போயிட்டாங்க, மதிம்மா. போலந்துக்கு. ரொம்ப தூரம்."

ஐந்து வயதுக் குழந்தை அதை நம்பியது. நம்பிக்கொண்டே, தினமும் காலை ஆறு நாற்பதுக்கு ஷூ மாட்டிக்கொண்டு கதவடியில் உட்கார்ந்தது. பத்து நாள், பன்னிரண்டு நாள்.

ஹலினா தொலைபேசியில் கூப்பிட்டார். அடித்து ஓயவிட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை நேரில் வந்தார். மதி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பை. அவர் வீட்டில் விட்டுவைத்திருந்த மதியின் மாற்றுத் துணிகள், துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து. பாதி திறந்த கதவுக்குள் நான் நின்றேன்.

"நான் ஏதாவது தவறு செய்தேனா?"

"இல்லை, இல்லை. ஸ்கூல் ஆரம்பிக்கப்போகிறது. அதான்."

பள்ளி திறக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அது அவருக்கும் தெரியும். பையைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் ரயில் பாதையைத் தாண்டிய அந்தத் தெருப் பக்கம் கார் ஓட்டியதே இல்லை. சுற்றிப் போனால் ஆறு நிமிடம் அதிகம். அத்தனை வருடமும் அந்த ஆறு நிமிடத்தைச் சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை அவள் "பியரோகி" என்று சொன்ன கணத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஹலினா நாலு தெருவுக்கு அப்பால்தான் இருந்தார் என்று மதிக்குத் தெரியாது. சொல்வதென்றால் ஞாயிறு காலைக்குள் சொல்ல வேண்டும். பெட்டியோடு அந்தப் பொய்யும் கலிபோர்னியா போய்விட்டால், பிறகு தொலைபேசியில் சொல்கிற தைரியம் எனக்கு வரப்போவதில்லை.

சூப்புக்கா, பியரோகிக்கா?

சனிக்கிழமை காலை போலந்துக் கடைக்குப் போனேன். நேர் வழியாகவே.

ஹலினாவின் வீட்டைத் தாண்டினேன். வாசலில் யாரோ பிள்ளைகளின் சைக்கிள்கள். கதவுக்கு வேறு நிறம்.

கடையில் முட்டைக்கோஸ் பீப்பாயிலிருந்து வந்தது. மர இடுக்கியால் அள்ளிய பெண்மணி, "சூப்புக்கா, பியரோகிக்கா?" என்றார். பியரோகி என்றேன். "அப்படியென்றால் நன்றாகப் பிழி. கை வலிக்கும் வரை பிழி. வலித்த பிறகு இன்னொரு தடவை பிழி."

அவ்வளவு பேசினாரே என்று கேட்டுவிட்டேன். ஹலினா என்று ஒருவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாரே, இப்போது எங்கே இருக்கிறார்?

"ஹலினாவா? முட்டி வலி வந்து படியேற முடியாமல் ஆகிவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் தங்கை மகன் வந்து போலந்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். கிராமம். போன் நம்பரெல்லாம் என்னிடம் இல்லை. உனக்கு அவரைத் தெரியுமா?"

"என் மகளுக்குத் தெரியும்," என்றேன்.

காரில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் புளித்த முட்டைக்கோஸ் மூச்சுவிட்டது. பதினைந்து வருடம் பொய்யாக இருந்த ஒன்று, இரண்டு வருடம் முன்னால் தானே மெய்யாகிவிட்டிருந்தது. ஹலினா ஆன்ட்டி போலந்துக்குப் போய்விட்டார். இனி நான் வாயே திறக்க வேண்டாம். யார் தேடினாலும் என் பேச்சு சரியாகத்தான் இருக்கும்.

கணவரைக் கூப்பிட்டேன். டெக்ஸஸில் அவர் அப்போதுதான் எழுந்திருந்தார்.

"என்னட்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னேன்.

"இப்ப எதுக்கு அதக் கிளறுத? பிள்ள ஊருக்குப் போற நேரத்துல. அதான் அந்தம்மாவே போயிட்டாவளே."

"அதாங்க பயமா இருக்கு. சொல்லாம விட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"நான் அன்னைக்கே சொன்னேம்லா, நேர்ல கேட்டுருன்னு."

"சொன்னிய. நாந்தான் கேக்கல."

பிறகு அவர், "மாவு பிசைஞ்சுட்டியா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், என்ன சொல்வதென்று தெரியாதபோது அவர் சமையலைப் பற்றித்தான் கேட்பார்.

இது பிள்ளையாருக்கு

மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்தேன். கொஞ்சம் எண்ணெய், உப்பு. கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவைத்தேன். முட்டைக்கோஸைக் கை வலிக்கும் வரை பிழிந்தேன். வலித்த பிறகு இன்னொரு தடவையும். ஊறிய காளானோடு சேர்த்துப் பொடிப்பொடியாக நறுக்கி, மிளகு தட்டிப் போட்டு வதக்கினேன்.

அடுப்படியில் நின்று ருசி பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சாமிக்குப் படைத்துக் கை காட்டும் முன் எச்சில் படக் கூடாது. உப்பை ஆவியிலேயே கண்டுபிடிப்போம். நானும் ஆவியை முகர்ந்து, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன்.

மதி ஒரு கரண்டி வாயில் போட்டாள். முகம் கோணியது.

"அம்மா! ஏற்கெனவே உப்புலதான ஊறிச்சு அது? டேஸ்ட் பண்ணியா, இல்லயா?"

"வாசத்துல சரியாத்தான் இருந்துச்சு."

"ஹூ குக்ஸ் பை ஸ்மெல்? நீ என்ன நாயா?"

இன்னும் ஒரு பங்கு முட்டைக்கோஸைக் கழுவிப் பிழிந்து சேர்த்தோம். அவள் நாக்கு, என் கை. இன்னும் புளிப்பு வேணும். இல்ல, அவ்வளவு இல்ல. ஆமா, இது. கிட்டத்தட்ட இது.

மாவைத் தேய்த்து, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டினோம். முதல் ஈடு எட்டு வந்தது. நான் பழக்கதோஷத்தில் அவற்றை இட்லித் தட்டில் அடுக்கி, ஆவியில் வைத்துவிட்டேன். பூரணம் வைத்து மடித்த எதையும் கை அங்கேதான் கொண்டுபோகும். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால், தட்டோடு தட்டாக ஒட்டிப்போய், செருப்புத் தோல் மாதிரி எட்டு அரைவட்டங்கள்.

மதி ஒன்றைப் பிய்த்து எடுத்துப் பார்த்தாள். "இது பியரோகி இல்ல. கொழுக்கட்டை. பிள்ளையாருக்குக் குடு. அவர் கம்ப்ளெய்ன் பண்ண மாட்டார்."

விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் மூக்கில் மாவு. என் மகளோடு சேர்ந்து நான் ஒன்றைச் சமைப்பது அதுதான் முதல் தடவை என்பது சிரிப்பு அடங்கும்போது உறைத்தது. அவள் இடுப்பளவு உயரமாக இருந்தபோது எனக்கு நேரமில்லை. எனக்கு நேரம் வந்தபோது அவளுக்கு ஆசையில்லை.

இரண்டாவது ஈட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம். மூழ்கி, யோசித்து, ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன.

பொன்னிறத்துக்கு அப்பால்

வெங்காயம்தான் மிச்சம். பொடியாக அரிந்து வெண்ணெயில் போட்டேன். நம் சமையல் குறிப்புகளில் வெங்காயம் பொன்னிறத்தோடு நின்றுவிடும். நானும் பொன்னிறத்தில் அடுப்பை அணைக்கப் போனேன்.

"நோ, நோ. நிறுத்தாத. இன்னும்."

"கருகிரும், மதி."

"கருகணும். அவங்க வேணும்னேதான் கருக்குவாங்க. அதுதான் பெஸ்ட் பார்ட்."

பொன் செம்பாகியது. செம்பு மரப்பட்டை நிறமாகியது. ஓரங்கள் சுருண்டன, மொறுமொறுத்தன. அந்த வாசம் எழுந்தது. பதினேழு வருடத்துக்கு முன்பு என் உள்ளங்கையில் கிடந்து, எனக்குத் தெரிந்த எதிலும் சேராமல் போன அதே வாசம்.

மதி வாணலியிலிருந்து ஒரு துணுக்கை நகத்தால் எடுத்து ஊதினாள்.

"நான் இதத் திருடுவேன், தெரியுமா? ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பினதும் கை நிறைய எடுத்து பாக்கெட்ல போட்டுக்குவேன். கார்ல சாப்பிட. நீ ட்ராஃபிக்கப் பாத்துட்டு இருப்பே."

அடுப்பை அணைத்தேன். கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். டிஷ்யூ காகிதத்தில் பொதிந்து நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோனது வெங்காயம்.

மேசையில்

தட்டு வைத்தேன். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முதல் பியரோகியை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். "ஓ," என்றாள். என் பட்டியலில் இருந்த எந்தப் பலகாரமும் அவளை அப்படி ஒரு "ஓ" சொல்ல வைத்ததில்லை.

அவள் மூன்று சாப்பிடும் வரை காத்திருந்தேன். அதற்கு மேல் காத்திருந்தால் நாலாவது, ஐந்தாவது என்று ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடும்.

"மதி, ஹலினா ஆன்ட்டி அப்ப ஊருக்குப் போகல."

சொன்னேன். பாக்கெட், டிஷ்யூ, பக்கத்து மேசைக்காரர், பை, பாதிக் கதவு, எல்லாம். காய்ச்சலையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் நேரம் ஆனது.

அவள் முள்கரண்டியைத் தட்டின் விளிம்பில் வைத்தாள்.

"ஷீ வாஸ் ஹியர்? இங்கயேவா?"

"நாலு தெரு தள்ளி. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும்."

"நான் ஸ்கூல் பஸ்ல அந்தப் பக்கமாத்தான் போனேன். டெய்லி."

எதிர்வீட்டு இயந்திரம் நின்றது. பிறகு அவள் ஆங்கிலத்தில் பேசினாள். என் மகளுக்குக் கோபம் தமிழில் வராது. அதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் வெங்காயம் திருடினதைக் கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று நினைத்தேன். ரொம்ப நாள். பெரியவளான பிறகு அது முட்டாள்தனம் என்று தெரிந்தது. ஆனால் ஐந்து வயதில் தெரியாதே, அம்மா."

மன்னித்துக்கொள் என்றேன். தமிழில் அந்த வார்த்தை அச்சில் நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னபோது நாடக வசனம் மாதிரி ஒலித்தது. உடனே, "தப்புப் பண்ணிட்டேன், பிள்ள," என்றேன். அது என் குரலாக இருந்தது.

அவள் எழுந்து, தன் தட்டைக் கழுவிவைத்துவிட்டு, மாடிக்குப் போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

பாத்திரத்தில் ஒன்பது மிச்சமிருந்தன. ஆறிப்போயிருந்தன. நின்றபடியே ஒன்றை எடுத்துத் தின்றேன். முதலில் மாவின் வழவழப்பு. அப்புறம் புளிப்பு; எலுமிச்சையின் கூரிய புளிப்பு இல்லை, பழைய சோற்று நீராகாரம் மாதிரி நிதானமான புளிப்பு. அதற்கு அடியில் காளானின் மண்வாசம். கடைசியில் கருகிய வெங்காயத்தின் கசப்பும் இனிப்பும். நன்றாக இருந்தது. களைத்து வந்த சாயங்காலங்களில், நின்றபடியே ஒன்று தின்றிருந்தால், ரொம்ப நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிறு

நூவர்க் விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடம். அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். எண்ணெய்த் தொட்டிகள், பாலம், கிடங்குகள். ஊரின் அழகில்லாத பக்கம் முழுவதும் அந்த ஃப்ரீவேயில் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் அவளுக்காகப் பார்த்துவைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் என்று தெரிந்தவள் அப்படித்தான் ஓட்டுவாள்.

புறப்பாட்டு வாசலில் வண்டியை ஒதுக்கினேன். மஞ்சள் சட்டை போட்ட போக்குவரத்துக் காவலர், "நகரு, நகரு, லெட்ஸ் கோ," என்று ஒவ்வொரு காராகத் தட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பெட்டிகளையும் இறக்கினோம். ஒரு பெட்டியின் சக்கரம் நடைபாதை விளிம்பில் மாட்டியது. இருவரும் குனிந்தோம். தலையும் தலையும் லேசாக மோதின.

மதி நிமிர்ந்து காதிலிருந்ததைக் கழற்றினாள். கண் வீங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, ஆனால் விலகியும் நிற்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு நானே கூப்பிடறேன்மா. நீ கூப்பிடாத."

"எத்தன நாளு?"

"தெரியல. எனக்குக் கோவமா இருக்கு. ஐ நீட் டு பி மேட் ஃபார் சம் டைம். இருக்கலாம்ல?"

காவலர் என் கார்க் கூரையைத் தட்டினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"இருக்கலாம். கோவமாவே இரு, பிள்ள. ஆனா நேரத்துக்குச் சாப்ட்டுட்டுக் கோவமா இரு."